பதினோராவது வட்டம்

நான் கழற்றிப் போட்ட வண்டிகளில் எனக்குப் பயம் காட்டியது ஒன்றே ஒன்றுதான். அதிலும் முழு வண்டி இல்லை, பின்பக்கத்து இடது கதவு மட்டும். இப்போதும் மத்தியானம் தகரக் கூரை சூடேறும்போது என் காது தானாக வாசல் மூலைக்குத் திரும்பிக்கொள்கிறது. அந்தக் கதவு தொங்கிய அந்த இடத்தில் இப்போது என் கூட்டாளி பெயிண்டரின் லுங்கிதான் தொங்குகிறது. லுங்கி சத்தம் போடாது என்று எனக்கும் தெரியும்.

என் கொட்டகை ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 'பழைய கார்களைப் புதுசாக்கித் தருவோம்' என்று வாசலில் போர்டு. அதில் ஒரு எழுத்து தப்பு என்று வருகிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். எந்த எழுத்து என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஒன்பதாவது ஃபெயில். எட்டாவதிலும் ஃபெயில்தான், அப்போது சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டு மேலே தள்ளிவிட்டது.

கொட்டகை போடுவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருந்தேன். அங்கே வெல்டிங் முடிந்து பாடி வெறும் தகடாக லைனில் வரும். இன்ஸ்பெக்டர் கையுறை போட்ட கையால் தடவிப் பார்ப்பார். எங்கே ஒடுக்கு இருக்கிறதோ அங்கே மெழுகு பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். அடுத்து நிற்கிறவன் நான். வட்டத்தைப் பார்த்தால் அடிக்க வேண்டும். யோசிக்கக் கூடாது, யோசித்தால் அடுத்த வண்டி வந்து இடிக்கும். என் மொத்தப் படிப்பும் அந்த ஒரு எழுத்துதான். வீட்டில் தோசைக்கல்லில் தோசையைப் பார்த்தால்கூட என் கை சுத்தியைத் தேடும்.

கான்ட்ராக்ட் முடிந்து என்னை அனுப்பியபோது, அதே லைனில் பெயிண்ட் பக்கம் இருந்த ஒருவரும் என்னோடு வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்துகொண்டு, ஊருக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவர். நான் அடிப்பேன், அவர் பூசுவார். அதுதான் எங்கள் கம்பெனி.

அந்த வண்டி ஒரு ரெக்கவரி லாரியின் முதுகில் வந்தது. உருண்டையான முகம், உருண்டையான முதுகு, பார்த்தால் பழைய கல்யாண வீட்டு ஆல்பம் ஞாபகம் வருகிற மாதிரியான கார். லாரியின் முன்சீட்டிலிருந்து அறுபது வயதில் ஒரு அம்மா இறங்கினார். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் இன்ச் டேப் நீட்டிக்கொண்டிருக்கிற பை. ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் ஜாக்கெட் தைக்கிறவர்.

"எம்பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி. அவங்கப்பா வண்டிலதான் கோயிலுக்குப் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. எல்லாத்தையும் புதுசு பண்ணிக் குடு."

"பண்ணிடலாம்மா. கல்யாணப் பொண்ணவுட வண்டிதான் அயகா இருக்கும்."

"அத்த மட்டும் பொண்ணாண்ட சொல்லிடாத" என்று சிரித்தார். பிறகு வண்டியைச் சுற்றிப் போய்ப் பின்பக்கத்து இடது கதவின் முன்னால் நின்றார். கதவின் நடுவில், கொஞ்சம் கீழே, உள்ளேயிருந்து வெளியே தள்ளின மாதிரி ஒரு புடைப்பு. ஒரு கிச்சிலிப் பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த அளவு. துணியின் நெசவைத் தடவிப் பார்க்கிற மாதிரி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இத்த மட்டும் தொடாத."

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "ஊரெல்லாம் ஒடுக்க எடுக்கச் சொல்லி வருவாங்க. ஒடுக்கப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லி வந்தது நீங்க ஒருத்தர்தாம்மா."

அவர் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் வீட்டுக்காரர் இந்த வண்டியை முப்பது வருஷம் வாடகைக்கு ஓட்டியவர். சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் பெண்களெல்லாம் இந்தப் பின்சீட்டில் போனவர்கள்தான். அவர் மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

"ஒரே ஒரு நாளு உக்காந்தாரு. மாரு வலிக்குதுன்னாரு. பக்கத்து வூட்டுப் புள்ள ஓட்டிக்கினு போச்சு. என் மடில தலை. சிங்கப்பெருமாள் கோவில் கேட்டு மூடிக்கினு கீது. கூட்ஸ் வண்டி போயிக்கினே கீது, போயிக்கினே கீது. அப்போ ஒரு ஒத ஒதச்சாரு பாரு, ஷூ காலால. அந்தக் கூட்ஸ் சத்தத்துலயும் டொக்குனு கேட்டுச்சு. அவ்ளோதான். கேட்டத் தொறந்தாங்க."

கையை எடுக்காமலே நின்றார்.

"வாயால ஒண்ணுமே சொல்லல தம்பி. என்னாண்ட கடைசியா சொன்னது இது ஒண்ணுதான்."

நான் அன்றைக்கு வேறு ஜோக் எதுவும் அடிக்கவில்லை. பெயிண்டர் என்னைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா வே?" என்று கேட்டார்.

மறுநாள் பிரிக்க ஆரம்பித்தோம். கழற்றுவது பெரிய வித்தை இல்லை, எங்கள் தெருக் குரங்கும் கழற்றும். திரும்ப மாட்டுவதில்தான் குரங்கு மாட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் பால் கவரில் போட்டு மேலே படம் வரைந்துவிடுவேன். விளக்கு போல்ட்டுக்கு விளக்குப் படம், கதவு போல்ட்டுக்குக் கதவுப் படம். ஒருமுறை என் வைப்பர் படத்தைப் பார்த்துப் பெயிண்டர் கரப்பான்பூச்சி என்று நினைத்துக் கவரோடு தூக்கிப் போட்டுவிட்டார்.

முன்பக்க பம்பர், கிரில், விளக்குகள் எல்லாம் இறங்கின. டிரைவர் சீட்டைத் தூக்கினோம். ரெக்சினைக் கிழித்துப் பார்த்தால் ஸ்பிரிங் எல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்த வடிவத்தில் இறங்கியிருந்தது. இரண்டு தொடை, நடுவில் முதுகு சாய்கிற பள்ளம். ஆள் இப்போதுதான் டீ குடிக்க எழுந்து போன மாதிரி.

"இதுல நான் உக்கார மாட்டேன்" என்றார் பெயிண்டர்.

"உன்ன யாருய்யா உக்காரச் சொன்னது? தூக்கத்தான் சொன்னேன்."

பின்சீட்டைத் தூக்கியபோது அடியில் கொண்டை ஊசிகள். ஒன்று இரண்டு இல்லை, இரண்டு கை நிறைய. துருப்பிடித்தது, வளைந்தது, தலையில் சின்ன முத்து வைத்தது. கூடவே நிறம் போன அட்சதை அரிசி, ஜிகினா, பூச் சுற்றின நார். கல்யாணத்துக்குப் போன பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒன்று விட்டுப் போயிருக்கிறாள்.

"இம்புட்டுப் பொண்ணுங்களும் இங்கனதாம்ல உக்காந்திருக்கு" என்று பெயிண்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கு முதுகில் யாரோ ஊதின மாதிரி இருந்தது. ஊசிகளை ஒரு பால் கவரில் போட்டு மேலே ஒரு பெண் முகம் வரைந்தேன். அது கொஞ்சம் என் மாமியார் ஜாடையில் வந்துவிட்டது.

கடைசியாக அந்தக் கதவு. உள்பக்கத்து அட்டையைக் கழற்றினேன். அட்டை குதிகால் வடிவத்தில் கிழிந்திருந்தது. பின்னாலிருந்து ஒரு துணி வைத்து யாரோ நுணுக்கமாகத் தைத்து ஒட்டியிருந்தார்கள், அந்த அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். கிழிசலுக்கு நேர் பின்னால் வெளித்தகட்டில் அந்தப் பள்ளம். உள்ளேயிருந்து பார்த்தால் பள்ளம், வெளியே புடைப்பு. கதவுச் சட்டத்து ஓட்டைக்குள் கை விட்டுத் தொட்டேன். என் நாலு விரலும் அதில் சரியாக உட்கார்ந்தன. சட்டென்று கையை எடுத்துவிட்டேன், யாரோ காலை இழுத்துக்கொண்ட மாதிரி.

கதவுகளைத் தனித்தனியாகக் கயிற்றில் தொங்கவிட்டு, ரிமூவர் பூசிப் பழைய பெயிண்டை உரித்தோம். வெள்ளை உரிந்தால் உள்ளே சந்தன நிறம், அதை உரித்தால் கறுப்பு. அதற்கும் கீழே வெறும் தகடு. லாரி போகிறபோதெல்லாம் கொட்டகை அதிர்ந்தது, நாலு கதவும் லேசாக ஆடின. மூன்று கதவு ஆடி நிற்கும். இடது பின்கதவு மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடும். கயிறு நீளம் என்று பெயிண்டரிடம் சொன்னேன். அளந்து பார்க்கவில்லை. அளந்து, ஒரே நீளமாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

ஒடுக்கு எடுக்கிற நாள் வந்தது. லைனில் செய்த மாதிரியே முதலில் எல்லாவற்றையும் உள்ளங்கையால் தடவி, மெழுகு பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு போனேன். முன் ஃபெண்டரில் மூன்று, வலது கதவுகளில் நாலு, டிக்கியில் ஒன்று, இடது முன்கதவில் இரண்டு. மொத்தம் பத்து. அந்தப் புடைப்புக்கும் ஒரு வட்டம் போட்டேன். தொடக் கூடாது என்று ஞாபகம் இருக்க வேண்டுமே, அதற்காக. பெருக்கல் குறி போட்டிருக்கலாம். 'வேண்டாம்' என்று எழுதியிருக்கலாம். எனக்கு ஒன்பது வருஷமாக ஒரே ஒரு எழுத்துதான் தெரியும், அதைத்தான் போட்டேன்.

போனில் பாட்டைப் போட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். உள்ளே ஒரு கையில் டாலி, அதாவது அடியைத் தாங்கிக்கொள்கிற கை இரும்பு. வெளியே இன்னொரு கையில் சுத்தி. டிக், டிக், டிக். ஒரு வட்டம் முடிந்ததும் துணியால் துடைப்பேன், அடுத்த வட்டத்துக்குப் போவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். துடைத்தேன், நகர்ந்தேன், அடித்தேன். துடைத்தேன்.

துடைத்த துணியைக் கீழே போடும்போதுதான் பெயிண்டர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"என்னய்யா?"

"என்னவே பண்ணிட்ட?"

திரும்பிப் பார்த்தேன். இடது பின்கதவு பளிங்கு மாதிரி இருந்தது. கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து தடவினால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு ஒடுக்கை நான் எடுத்ததில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பு தூக்கு மூடி திறக்காமலே கிடந்தது. எதை இழந்தாலும் சோற்றை இழக்காதவன் நான், பெயிண்டருக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

"ஞாயித்துக்கெழம அந்தம்மா வரும்" என்றேன்.

"மறுபடி ஒண்ணு போட்டுருவோம். ஒடுக்க எடுக்கத்தான் வித்த வேணும், போடுததுக்கு என்ன?"

கம்பெனியில் கொடுத்த பழைய சேஃப்டி ஷூ ஒன்று கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, முதலில் ஒரு காயலான் கடைக் கதவை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்து உதைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாக உதைத்தேன். கணுக்கால் பிசகிக்கொண்டது. கதவு அப்படியே இருந்தது. மூன்றாவது உதைக்குச் சின்னதாக ஒரு குழி விழுந்தது, எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. நானோ தினமும் இரண்டு வேளை மூக்குப் பிடிக்கத் தின்கிறவன். மாரைப் பிடித்துக்கொண்டு மடியில் படுத்திருந்த அந்த மனுஷன் எவ்வளவு பலமாக உதைத்திருக்க வேண்டும்?

"முடியல மச்சான். அந்த மாதிரி வரல."

பெயிண்டர் விளையாட்டாகத்தான் சொன்னார்: "நீ சாகும்போது ஒதச்சாத்தாம்ல அது வரும்."

சொன்ன பிறகு இருவரும் அந்தக் கதவைப் பார்த்தோம்.

அடுத்த நாள் மத்தியானம். ரோட்டில் லாரி இல்லை, காற்றும் இல்லை. வாசல் வழியாக வெயில் உள்ளே வந்து இடது பின்கதவின்மேல் விழுந்திருந்தது. நான் நொண்டிக்கொண்டே பின்பக்கம் ஏதோ எடுக்கப் போனேன்.

டொக்.

ஒரே ஒரு சத்தம். உள்ளேயிருந்து யாரோ உதைத்த மாதிரி.

பெயிண்டர் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு ரோட்டுக்கே போய்விட்டார். நானும் ஓடியிருப்பேன், கால் பிசகியிருந்ததால் தைரியசாலியாக நின்றுவிட்டேன். கிட்டப் போய்க் கையை வைத்தேன். அதே இடத்தில் தகடு லேசாக வெளியே வந்திருந்தது. அழுத்தினால் உள்ளே போனது. கையை எடுத்தால், டொக், வெளியே வந்தது.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒருமுறை பலமாக அடி வாங்கி நீண்டுபோன தகடு என்னதான் தட்டினாலும் பழைய அளவுக்குச் சுருங்காது. மேலே சமமாகத் தெரியும், உள்ளே நீளம் அப்படியே ஒளிந்திருக்கும். வெயில் பட்டால் விரிந்து வெளியே குதிக்கும், சூடு இறங்கினால் உள்ளே போகும். நூறு வண்டியில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. தெரிந்த விஷயத்துக்குப் பயப்படக் கூடாது என்று மயிருக்கு யார் சொல்வது?

பெயிண்டர் சாயங்காலம் திரும்பி வந்தார். "சூடு வச்சு அடக்கிருவே" என்றார். அதுவும் எனக்குத் தெரியும். கேஸ் வைத்து அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் தகடு சுருங்கி அடங்கிவிடும். அப்புறம் சத்தமே வராது. "இல்லன்னா அங்கன பட்டி மாவு நிக்காது, பெயிண்ட் வெடிக்கும். நம்ம பேரு கெட்டுப் போகும்."

சனிக்கிழமை கேஸைப் பற்றவைத்தேன். நீல நெருப்போடு கதவின் முன்னால் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அணைத்துவிட்டேன். ஒருமுறை அந்த மனுஷன் வாயை அடைத்தாயிற்று, இரண்டாவது முறையும் அடைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேராக அந்த அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பைபிள், ஒரு டப்பாவில் கேக். பெயிண்டர் என் காதில், "நீயா ஒண்ணும் ஒளறாத" என்றார். உளறாமல் இருந்த சரித்திரம் எனக்கு இல்லை.

அவர் நேரே அந்தக் கதவுக்குப் போனார். கண்ணால் தேடவில்லை. உள்ளங்கையை வைத்தார். வைத்த கை நகர்ந்தது, இன்னும் கொஞ்சம் கீழே, கொஞ்சம் பக்கத்தில். பிறகு திரும்பி மற்ற கதவுகளைப் பார்த்தார், கதவை மாற்றிப் பார்த்துவிட்டோமோ என்று.

"அதான்மா உங்க கதவு" என்றேன். "நான்தான்மா எடுத்துட்டேன். வேணும்னு இல்ல. வட்டம் போட்டேன், கை அடிச்சிட்ச்சு. அடிச்சப்புறந்தான் எனக்கே தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்குவதில் நான் பத்தாவது பாஸ்.

"இத்த ஒண்ணுதானே தம்பி தொடாதன்னேன்."

"ஆமாம்மா."

"பாக்கி எல்லாத்தையும் பிச்சுப் போட்டுக்கோன்னேனே."

"ஆமாம்மா."

கேக் டப்பாவை டிரைவர் சீட்டின்மேல் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் வரைக்கும் போனார். செருப்பு மாட்டக் குனிந்தார்.

டொக்.

குனிந்தவர் அப்படியே நின்றார். நான் வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். முகத்தைத் திருப்பாமலே, "அது இன்னா சத்தம்?" என்றார்.

"வெயிலும்மா. தகடு நீண்டுபோச்சு. எவ்ளோ தட்டுனாலும் அந்த நீளம் உள்ளயேதான் கீது. சூடு பட்டா வெளிய வரும்."

"இழுத்த துணி மாரியா? எவ்ளோ தேய்ச்சாலும் தொங்குமே."

"அதே மாரிதாம்மா."

அவர் திரும்பி வந்து அந்தக் கதவின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அந்த சத்தந்தான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே. பெயிண்டர் கேக் டப்பாவைப் பார்த்தார், நான் அவரை முறைத்தேன். அந்த அம்மா ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தார். ஒரு லாரி போனபோது கதவு ஆடியது, வேறொன்றும் இல்லை. வெயில் வாசலை விட்டு நகர்ந்ததும், இன்னும் ஒருமுறை, மெதுவாக, தகடு உள்ளே போனது.

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "அப்டியே வுட்டுடு."

பெயிண்டருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அங்கன பெயிண்டு நிக்காதும்மா. வருசம் திரும்புததுக்குள்ள வெடிச்சிரும்."

"வெடிக்கட்டும்பா. நீ திரும்பப் பூசுவ."

"பத்து மொற பூசுனாலும் வெடிக்கும்."

"பதினோராவது மொற பூசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியேதான் விட்டோம். மற்ற கதவுகளுக்குப் பட்டி வைத்தோம், அதற்கு வைக்கவில்லை. குதிகால் கிழிசலோடு பழைய அட்டையையே திரும்ப மாட்டினேன். வண்டியை எடுக்க வந்த அந்த அம்மாவிடம் கொண்டை ஊசிக் கவரைக் கொடுத்தபோது மேலே இருந்த படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். கல்யாணப் பொண்ணு என்றேன். "எந்தக் கல்யாணத்துல இவ்ளோ கோவமா இருந்துச்சு?" என்றார். என்னை மன்னித்துவிட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சரியா தப்பா, தெரியாது.

கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். வெள்ளை வண்டி வந்து கோயில் வாசலில் நின்றது. பெண் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள், பெயிண்டரும் நானும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெயில் காலம் பிறந்தது. ஒரு மத்தியானம் போன் அடித்தது, அந்த அம்மா நம்பர். எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. ஒரு காக்கா கத்தியது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. கை தவறிப் போட்டுவிட்டார் போல என்று வைக்கப் போனேன்.

டொக்.

"கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சும்மா."

"பெயிண்டு மெலிசா கோடு வுட்டுகீது."

"வந்து பூசித் தரச் சொல்லவாம்மா?"

"வேணாம், இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்" என்றார். "நீ சாப்ட்டியா?"

இன்னும் இல்லை என்றேன். போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்தார். தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, லுங்கி தொங்குகிற அந்த மூலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.